நீளமான ஆங்கிலச் சொல்லை எந்த இடத்தில் பிரிப்பது?

கடலோரக் குயில் | தண்டையார்பேட்டை

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, இப்போது நர்ஸிங் முதல் வருடம். பாடம் புரிகிறது, சொற்கள்தான் தொண்டையில் சிக்குகின்றன. வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொல்கிறார்கள். ஹைப்போகிளைசீமியா மாதிரி ஒன்று வந்தால் எங்கே நிறுத்தி எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறேன், பின்பெஞ்சு சிரிக்கிறது. "சிலபிள் சிலபிளாகப் பிரி" என்கிறார் மேடம். "அது வேண்டாம், ரூட் வேர்டு பிரி" என்கிறார் சீனியர் அக்கா. இரண்டும் ஒன்றா, வேறு வேறா? இப்போதைக்கு மூன்று மூன்று எழுத்தாக நறுக்கி மனப்பாடம் செய்கிறேன். காலையில் எழுந்தால் எதுவும் மிச்சமில்லை.

ஐசிஎஃப் பையன் | பெரம்பூர்

போனில் அகராதியைத் திறந்து ஸ்பீக்கர் படத்தை அழுத்து. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல். இதற்கு ஏன் ஒரு இழை?

கடலோரக் குயில்

வகுப்பில் போன் எடுக்க விடமாட்டார்கள் அண்ணா. தேர்வில் எழுத வேறு வேண்டும். ஸ்பீக்கர் எழுத்து சொல்லித் தராதே.

மாலை டியூஷன் | காசிமேடு

மேடம் சொன்னதிலிருந்து தொடங்குவோம். சிலபிள் வாய்க்கு உரியது. ஒவ்வொரு சிலபிளுக்கும் நடுவில் ஓர் உயிரொலி இருந்தே ஆக வேண்டும், முன்னும் பின்னும் மெய்கள் ஒட்டிக்கொள்ளலாம். எத்தனை உயிரொலி கேட்கிறதோ அத்தனை சிலபிள். ஆங்கில எழுத்தைப் பார்த்து எண்ணினால் ஏமாந்து போவோம், ஏனென்றால் அங்கே எழுதப்படும் உயிரெழுத்து பாதி நேரம் ஒலிப்பதே இல்லை.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. என் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்லித் தருவேன். சொல்லைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுது. புள்ளி வைத்த எழுத்தையெல்லாம் அடித்துவிடு, ஆய்தத்தையும் அடி. நிற்பவை எத்தனையோ அத்தனை சிலபிள். ஹாஸ்பிட்டல்: ஹா, பி, ட, ஆக மூன்று. டேபிள்: டே, பி, இரண்டு. ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்துள்ள ஸ்ட்ரெங்த்ஸ் என்ற சொல்லை எழுதி அடித்துப் பார், ரெ மட்டும்தான் நிற்கும். அவ்வளவு நீளச் சொல்லுக்கு ஒரே சிலபிள்.

ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும். தமிழில் சொல்லின் தொடக்கத்தில் தனி மெய் வராது என்பதால் கிளை, பிளா, கிரா என்று ஓர் உயிரைக் கூடச் சேர்த்து எழுதுவது நம் பழக்கம். எண்ணுவதற்கு மட்டும் க்ளை, ப்ளா, க்ரா என்று எழுதிக்கொள். உன்னுடைய சொல்லைப் பார்ப்போம், ஹைப்போக்ளைசீமியா. ஹை, போ, ளை, சீ, மி, யா. ஆறு. சீ என்ற இடத்தில் குரலை ஏற்றிச் சொன்னால் வேலை முடிந்தது.

கொருக்குப்பேட்டை கோல்கீப்பர்

ஃபிலிம் என்று எழுதி அடித்தால் இரண்டு வருகிறதே. இன்னாபா கணக்கு இது?

மாலை டியூஷன்

காதில் விழுகிறபடி எழுது என்றேன். லண்டன் வாயில் அது ஃபில்ம், ஒன்று. நம் தெருவில் ஃபிலிம், இரண்டு. அயர்லாந்துக்காரர்களும் நம்மைப் போலத்தான் நடுவில் ஓர் உயிரைச் செருகிச் சொல்வார்கள், அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதிர்த் திசையிலும் நடக்கும். வெஜிடபிள் என்று நாம் நாலு சிலபிளில் சொல்வதை அவர்கள் வெஜ்டபிள் என்று மூன்றில் முடித்துவிடுகிறார்கள்.

வார்டு அக்கா | ராயபுரம்

குயில், டியூஷன் சொன்னபடி செய்தால் வகுப்பில் வாசித்துவிடலாம். வார்டுக்கு அது போதாது. உன் சீனியர் சொன்னதையும் கேள்.

ஹைப்போ என்றால் குறைவு. ஹைப்பர் என்றால் கூடுதல். க்ளைக் என்பது சர்க்கரை. ஈமியா என்று முடிந்தால் இரத்தம் சம்பந்தப்பட்டது. எனவே இரத்தத்தில் சர்க்கரை குறைவு. இரண்டாவது சிலபிளில் போவா, பரா என்பதைக் காதில் சரியாக வாங்காவிட்டால், சர்க்கரை கொடுக்க வேண்டிய ஆளுக்கு இன்சுலின் ஏறிவிடும். சாப்பிடாமல் கிடந்து வேர்த்துக் கொட்டும் நோயாளிக்கு இன்சுலின் போட்டால் என்ன ஆகும் என்று உன் புத்தகத்திலேயே இருக்கும்.

அறுவை சிகிச்சைப் பெயர்களும் இப்படித்தான். டமி என்று முடிவதெல்லாம் ஒன்றுபோலவே கேட்கும், ஒன்று அல்ல. ஓடமி என்றால் வெட்டித் திறப்பது. எக்டமி என்றால் வெட்டி வெளியே எடுத்துவிடுவது. ஆஸ்டமி என்றால் ஒரு வாய் வைத்துத் திறந்துவிடுவது. பெருங்குடலில் இந்த மூன்றையும் செய்ய முடியும், மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. கோலோஸ்டமி செய்தவருக்கு வயிற்றில் பை மாட்டியிருப்பார்கள், கோலெக்டமி செய்தவருக்குப் பெருங்குடலில் ஒரு பகுதியோ முழுவதுமோ இருக்காது. பித்தப்பையை எடுப்பது கோலிசிஸ்டெக்டமி. கோலி பித்தம், சிஸ்ட் பை, எக்டமி எடுத்தல். பார்த்தால் மிரட்டுகிற சொல், உள்ளே இருப்பது மூன்று துண்டுதான்.

இந்தத் துண்டுகள் பெரும்பாலும் கிரேக்கம், கொஞ்சம் லத்தீன். ஒரு நோட்டில் எழுதி வை. புதுச் சொல் வந்தாலும் பழைய துண்டுகளே திரும்பத் திரும்ப வரும்.

கடலோரக் குயில்

அக்கா, இங்கேதான் குழப்பம். நீங்கள் க்ளைக் என்று வெட்டுகிறீர்கள். டியூஷன் சார் ளை, சீ என்று வெட்டுகிறார். க் எங்கே போனது? கோலிசிஸ்டெக்டமியிலும் அப்படித்தான். உங்கள் கணக்கில் சிஸ்ட், எக்டமி. வாயில் வருவது சிஸ், டெக். இரண்டில் எதை நம்புவது?

மாலை டியூஷன்

இரண்டையும். சரியான இடத்தில் கையை வைத்துவிட்டாய்.

நாக்குக்கு அர்த்தம் தெரியாது. ஒரு மெய்க்குப் பின்னால் உயிர் வந்தால் அந்த மெய்யை இழுத்துக்கொண்டு அடுத்த சிலபிளுக்குப் போய்விடும். சிஸ்ட்டின் கடைசி ட் எக்டமியின் தலையில் ஏறி டெக் ஆனது அதனால்தான். க்ளைக்கில் இன்னொரு வேலையும் நடந்திருக்கிறது. அங்கே எழுதுவது சி என்ற எழுத்து. அதற்குப் பின்னால் ஈ, ஐ, ஒய் ஆகிய எழுத்துகள் வந்தால் க் என்ற ஒலி ஸ் ஆகிவிடும். எலக்ட்ரிக் என்பது எலக்ட்ரிசிட்டி ஆகும்போதும் அதுவே நடக்கிறது. எழுத்து மாறவில்லை, ஒலிதான் மாறியது. எழுதும்போது அக்கா வெட்டுகிற இடத்தைப் பார், வாசிக்கும்போது நான் வெட்டுகிற இடத்தைப் பார்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | பழைய வண்ணாரப்பேட்டை

இதை ஏதோ ஆங்கிலத்துக்கே உரிய வினோதம் போலப் பேசுகிறீர்கள். பள்ளியில் இரண்டையும் தமிழிலேயே படித்திருக்கிறீர்கள், ஒன்று யாப்பு வகுப்பில், மற்றது இலக்கண வகுப்பில்.

நடந்தனன் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பகுபத உறுப்பிலக்கணம் கேட்டால் நட, த் ந் ஆனது விகாரம், த், அன், அன் என்று எழுதுவீர்கள். நட பகுதி, முதல் த் சந்தி, அடுத்த த் இறந்தகால இடைநிலை, முதல் அன் சாரியை, கடைசி அன் ஆண்பால் வினைமுற்று விகுதி. அதே சொல்லை அலகிடச் சொன்னால் நடந், தனன். நிரை நிரை, கருவிளம். காலம் காட்டும் த், சாரியையின் அகரத்தோடு சேர்ந்து த என்று ஆகி அடுத்த அசைக்குப் போய்விட்டது. சிஸ்ட்டின் ட் போனதைப் போலத்தான். ஓசைக்கு ஒரு வெட்டு, பொருளுக்கு ஒரு வெட்டு. நன்னூலில் பவணந்தி முனிவர் சொன்ன ஆறு உறுப்புகளும் அசைபிரிப்பும் ஒன்றோடொன்று மோதுவதாக எந்த மாணவனும் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டது இல்லை.

இன்னும் சொல்கிறேன். இன்டர்நேஷனலைசேஷன் என்ற சொல்லில் நேஷன் பகுதி. முன்னால் இன்டர், பின்னால் அல், ஐஸ், ஏஷன். நேஷன் என்ற நெடில் நாஷனல் என்று குறுகி ஒலிப்பது விகாரம் அல்லாமல் வேறென்ன? ஐஸ் என்ற துண்டின் கடைசியில் எழுதும் ஈ, ஏஷன் வந்தவுடன் கெட்டுப் போகிறது. அதுவும் விகாரம்தான். எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஓகாரம். கார்டி-ஓ-லஜி, காஸ்ட்ர்-ஓ-ஸ்கோபி. நடுவில் நிற்கும் ஓ-வுக்குப் பொருள் கிடையாது, இரண்டு உறுப்பை இணைக்க மட்டும் வருகிறது. நாம் அதைச் சாரியை என்போம்.

ஐசிஎஃப் பையன்

ஐயா, ஒரு திருத்தம். அசையும் சிலபிளும் ஒன்றில்லை. நிரையசையில் இரண்டு உயிரொலி இருக்கும். நடந் என்பது ஒரு அசை, ஆனால் இரண்டு சிலபிள். நடந்தனன் முழுவதும் இரண்டு அசை, நாலு சிலபிள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

உண்மைதான். நேரசை ஒரு சிலபிளோடு பொருந்தும், நிரை பொருந்தாது. என் வாதம் வெட்டு விழும் இடத்தைப் பற்றியது, எண்ணிக்கையைப் பற்றியது அல்ல. தம்பி யாப்பு மறக்கவில்லை, மகிழ்ச்சி.

வார்டு அக்கா

ஐயா சொன்ன சாரியை விஷயம் அருமை. குயில், இதைக் குறித்துக்கொள். பின்னால் மெய்யில் தொடங்கும் துண்டு வந்தால் ஓ வரும்: காஸ்ட்ரோஸ்கோபி. உயிரில் தொடங்கும் துண்டு வந்தால் பெரும்பாலும் ஓ போய்விடும்: காஸ்ட்ரைட்டிஸ், காஸ்ட்ரெக்டமி. இது தெரிந்தால் எழுத்துப் பிழை பாதியாகக் குறையும். இத்தனை வருடமாகப் பழக்கத்தில் எழுதுகிறேன், அதற்கு ஒரு பெயர் இருப்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

காலடிப்பேட்டைக்காரன் | திருவொற்றியூர்

வெட்டு பற்றிப் பேச எங்கள் பேட்டையைவிடத் தகுதியான இடம் கிடையாது. 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றி உருவாக்கிய ஊர் இது. காலட், பேட்டை என்றுதான் வெட்ட வேண்டும். கவர்னரை மறந்துபோன சனம், காதில் விழுந்ததைத் தனக்குத் தெரிந்த காலடியாக ஆக்கிக்கொண்டது. இப்போது பெயர்ப் பலகையிலும் அதுதான்.

ஆங்கிலக்காரனும் சளைத்தவன் இல்லை. ஹாம்பர்க் என்ற ஜெர்மன் ஊரிலிருந்து வந்த பெயர் ஹாம்பர்கர், அதாவது ஹாம்பர்க், அர். ஹாம் என்பது பன்றி இறைச்சிக்கும் பெயராக இருந்ததால் ஹாம், பர்கர் என்று வெட்டிவிட்டார்கள். அப்புறம் சீஸ்பர்கர், சிக்கன்பர்கர், வெறும் பர்கர் என்று வரிசை கட்டிவிட்டது. ஹெலிகாப்டரும் அப்படி. 1861-இல் பிரான்ஸில் பொந்தோன் தமேகூர் என்பவர் அந்தப் பெயரைக் கட்டியபோது அது ஹெலிகோ, ப்டர். சுருள், இறக்கை. வாய் அதை ஹெலி, காப்டர் என்று கேட்டது. அந்தத் தப்பு வெட்டிலிருந்து பிறந்தவைதான் ஹெலிபேடும் ஹெலிபோர்ட்டும்.

மிண்ட் டிடிபி | ஜார்ஜ் டவுன்

வாய் வெட்டும் இடம், அர்த்தம் வெட்டும் இடம் என்று இரண்டு சொன்னீர்கள். அச்சில் மூன்றாவது ஒன்று இருக்கிறது, வரி முடிகிற இடம்.

தமிழில் இந்தத் தொல்லை கம்மி. எந்த எழுத்துக்குப் பின்னும் மடக்கலாம், அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்காமல் இருந்தால் போதும், கோடுகூட வேண்டாம். ஆங்கிலத்தில் அப்படி விட்டால் மானம் போய்விடும். லெஜண்ட்ஸ் என்ற சொல்லை நடுவில் வெட்டினால் முதல் வரியில் லெக் நிற்கும், அடுத்த வரியில் எண்ட்ஸ். கதாநாயகர்கள் கால்முனை ஆகிவிடுவார்கள். ரீஅட்ஜஸ்ட் என்ற சொல்லை டி எழுத்துக்குப் பின்னால் வெட்டினால் ரீட், ஜஸ்ட். படிப்பவர் ஒரு நொடி வழி தவறிப் போவார்.

எந்த வெட்டு சரி என்பதில் ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்குமே ஒத்துப்போகாது. பிரிட்டிஷ் மரபு சொல்லின் உறுப்பைப் பார்த்து வெட்டும். அமெரிக்க மரபு உச்சரிப்பைப் பார்த்து வெட்டும். நோவா வெப்ஸ்டர் 1783-இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் பாடநூல் காலத்திலிருந்தே அங்கே காதுக்குத்தான் முதல் மரியாதை. நாலெட்ஜ் என்ற சொல்லை அமெரிக்கர் எல் எழுத்துக்குப் பின்னால் வெட்டுவார், ஏனென்றால் வாயில் நால், எட்ஜ் என்று பிரிகிறது. பிரிட்டிஷ்காரர் எல்-லுக்கு முன்னால் வெட்டுவார், ஏனென்றால் அங்கே அறி என்று பொருள்படும் நோ என்ற வினை முடிகிறது. ஆக இந்த இழையில் டியூஷன் அமெரிக்கர், வார்டு அக்கா பிரிட்டிஷ்.

இதை இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். டொனால்ட் நூத் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்காக, ஃபிராங்க்ளின் லியாங் 1983-இல் ஸ்டான்ஃபோர்டில் தன் முனைவர் ஆய்வையே இதில் செய்தார். அவர் இயந்திரத்துக்கு அர்த்தத்தையும் கற்றுத் தரவில்லை, ஒலியையும் கற்றுத் தரவில்லை. அகராதியிலிருந்து 4447 எழுத்துக் கோலங்களைப் பிரித்தெடுத்தார். ஒவ்வொரு கோலத்திலும் எழுத்துகளுக்கு நடுவே ஓர் எண். ஒற்றைப்படை என்றால் வெட்டு, இரட்டைப்படை என்றால் வெட்டாதே. ஒரே இடத்தில் பல எண்கள் மோதினால் பெரிய எண் ஜெயிக்கும். இவ்வளவுதான். அகராதி காட்டும் வெட்டுகளில் 89 சதவீதத்தை இது கண்டுபிடித்துவிடுகிறது, தவறான இடத்தில் வெட்டுவது மிக மிகக் குறைவு.

அப்படியும் மசியாத 14 சொற்களைத் தனிப் பட்டியலாக வைத்திருக்கிறார்கள். பிரசென்ட், பிராஜெக்ட் இரண்டும் அதில் உண்டு, எங்கேயும் வெட்டாதே என்ற கட்டளையோடு. பரிசு என்ற பொருளில் பிரெஸ், என்ட். வழங்கு என்ற பொருளில் ப்ரி, சென்ட். பெயரா வினையா என்று தெரியாமல் வெட்ட முடியாது, இயந்திரத்துக்கு அது தெரியாது.

ஐசிஎஃப் பையன்

நம்பர் என்றதும் ஞாபகம் வருகிறது. வாத்தியார் ஐயா சொன்ன இன்டர்நேஷனலைசேஷனை மென்பொருள்காரர்கள் முழுதாக எழுதவே மாட்டார்கள். ஐ, 18, என். முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவில் பதினெட்டு எழுத்து, எண்ணிப் போட்டுவிட்டார்கள். வெட்டுகிற வேலையே இல்லை.

கடலோரக் குயில்

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன், நன்றி. ஒரு சந்தேகம். நிமோனியாவுக்கு முன்னால் ஏன் பி எழுத வேண்டும்? வாய்க்கும் அது தேவையில்லை, அர்த்தத்துக்கும் அது தேவை என்று தோன்றவில்லை. மனப்பாடம்தானா?

மாலை டியூஷன்

பி அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, அந்த உறுப்பின் சொந்த எழுத்து அது. கிரேக்கனுக்கு ப்ன் என்று தொடங்க வராமல் இல்லை. ஆங்கில வாய்க்கு சிலபிளின் தொடக்கத்தில் ப்ன் வராது, ப்ட் வராது, ம்ன் வராது. எனவே சொல்லின் தலையில் வந்தால் முதல் ஒலியை விழுங்கிவிடும். எழுத்து மட்டும் நிற்கும்.

விழுங்கியது திரும்பி வருவதைத்தான் பார்க்க வேண்டும். அதே ஜோடிக்கு முன்னால் ஓர் உயிர் வந்துவிட்டால், முதல் மெய் அந்த முந்தைய சிலபிளின் முடிவில் போய் உட்கார்ந்துகொள்ளும். இடம் கிடைத்ததும் ஒலிக்கும். தூக்கத்தில் மூச்சு நிற்பதை ஆப்னியா என்கிறோம். ஆப், னி, யா. அங்கே ப் நன்றாகக் கேட்கிறது. ஹெலிகாப்டரில் ப் கேட்கிறது, அதே இறக்கை என்ற உறுப்பில் தொடங்கும் டெரோடாக்டைல் என்ற பறக்கும் ஊர்வனவின் பெயரில் ப் கேட்காது, எழுதத்தான் வேண்டும். நினைவு இழப்பது அம்னீசியா, ம் கேட்கும். நினைவில் வைக்க உதவும் குறிப்பு நெமானிக், அதே உறுப்பு, எழுத்தில் எம் இருக்கும், வாயில் இருக்காது.

சொல்லின் கடைசியிலும் உண்டு. உதரவிதானம் டயஃப்ரம், எழுதும்போது ஜி போட வேண்டும். ஏன் என்று டயஃப்ரக்மாட்டிக் என்ற சொல்லைக் கேட்டால் தெரியும், ஜி அங்கே வாயைத் திறக்கிறது. சைன் என்ற சொல்லின் ஜி சிக்னேச்சரில் ஒலிக்கிறது. ஒலிக்காத எழுத்தைப் பார்த்தால் அந்தச் சொல்லின் சொந்தக்காரச் சொல் எதிலாவது அது ஒலிக்கிறதா என்று தேடு. எப்போதும் கிடைக்காது, ஆனால் கிடைத்தால் அந்த எழுத்தை மறக்க மாட்டாய்.

ஐசிஎஃப் பையன்

எல்லாரும் துண்டு துண்டு என்கிறீர்கள், துண்டு ஏமாற்றுவதையும் சொல்லுங்கள். இன் என்று தொடங்கினால் இல்லை என்று அர்த்தம் என்பார்கள். இன்ஃப்ளேமபிள் என்று டேங்கர் லாரியில் எழுதியிருந்தால் தீப்பற்றாது என்று நினைத்து பீடி பற்றவைக்கலாமா? மணலி ரோட்டில் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. அது எரியூட்டு என்ற பொருள் தரும் வேறு இன். அதனால்தான் பல இடங்களில் வெறும் ஃப்ளேமபிள் என்று எழுதத் தொடங்கினார்கள்.

அவுட்ரேஜ் என்ற சொல்லில் அவுட் இல்லை, ரேஜும் இல்லை. பழைய பிரெஞ்சில் ஊட்ர், ஆஜ் என்று இருந்தது, மிஞ்சிப் போவது என்று பொருள்.

மருத்துவத்திலேயே ஒன்று. ஆர்த்தோபீடிக் என்ற சொல்லில் வரும் பீட் பாதம் என்று பாதிப் பேர் நம்புகிறார்கள், பெடல் என்ற சொல்லால் வந்த குழப்பம். பாதம் என்பது லத்தீன் உறுப்பு. ஆர்த்தோபீடிக்கில் இருப்பது கிரேக்கக் குழந்தை, பீடியாட்ரிக்ஸில் இருக்கிற அதே குழந்தை. 1741-இல் நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர், குழந்தைகளின் உடல் கோணலை நிமிர்த்தும் கலைக்காக அந்தப் பெயரைக் கட்டினார்.

வார்டு அக்கா

தம்பி சொன்னது சரியே. அதற்காகத் துண்டை விட்டுவிட முடியாது. வார்டில் தினமும் புழங்கும் சொற்களில் துண்டு பெரும்பாலும் கை கொடுக்கும். ஊகித்துவிட்டு அகராதியில் ஒரு தடவை பார்த்து உறுதி செய். மருந்துப் பெயரில் மட்டும் ஊகமே வேண்டாம், எழுத்து எழுத்தாகப் படி.

மாலை டியூஷன்

முக்கியமான ஒன்று பாக்கி. குயில் சரியாக வெட்டினாலும் பின்பெஞ்சு சிரிக்கக்கூடும், காரணம் அழுத்தம். தமிழில் எல்லா சிலபிளையும் கிட்டத்தட்ட ஒரே எடையில் சொல்லிக்கொண்டு போவோம். ஆங்கிலத்தில் நீளச் சொல்லுக்கு ஒரு சிலபிள்தான் தலைவர், மற்றவை தணிந்து போக வேண்டும். தலைவர் இடம் மாறினால் உயிரொலிகளே மாறிவிடும். ஃபோட்டோகிராஃப் என்பதில் ஃபோ ஏறும். படம் எடுப்பவரைச் சொல்லும்போது இரண்டாவது சிலபிள் ஏறும், ஃபோ குறைந்து ஃப ஆகிவிடும்: ஃபடாக்ரஃபர். ஃபோட்டோகிராஃபிக் என்றால் க்ரா ஏறும். எழுத்தில் ஒரே உறுப்பு, வாயில் மூன்று வேஷம்.

எது ஏறும் என்பதைச் சொல்லின் வால் சொல்லிவிடும். ஷன், இக் என்று முடிந்தால் அதற்கு முந்தைய சிலபிள்: இன்ஃபெக்ஷனில் ஃபெக், டயபெட்டிக்கில் பெ. லஜி என்று முடிந்தாலும் அதற்கு முந்தையது: கார்டியாலஜியில் யா. ஸ்கோபியும் அப்படியே, காஸ்ட்ராஸ்கோபியில் ட்ரா. ஆனால் கருவியைச் சொல்லும் காஸ்ட்ரோஸ்கோப்பில் முதல் கா ஏறும். ஐட்டிஸ், ஓசிஸ், ஈமியா, எக்டமி என்ற வால்களில் அந்த வாலின் முதல் உயிரே ஏறும். ஹெபடைட்டிஸில் டை, கோலிசிஸ்டெக்டமியில் டெக்.

இக் விதிக்கு அடங்காத பிள்ளைகளும் உண்டு. அரித்மெட்டிக், பாலிட்டிக்ஸ், அராபிக் எல்லாம் தம் இஷ்டத்துக்கு ஏறும். உன் பாடத்தில் அவை வராது, விட்டுவிடு.

கொருக்குப்பேட்டை கோல்கீப்பர்

இவ்வளவு பாடம் ஆகிவிட்டது, ஒரு பரீட்சை வைப்போம். நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ். 45 எழுத்து. அகராதியில் இருக்கிறது. குயில், ஆடு பார்க்கலாம்.

கடலோரக் குயில்

முயற்சி செய்கிறேன். நியூமோனோ நுரையீரல். அல்ட்ரா மிகவும். மைக்ரோ சிறிய. ஸ்கோபிக் பார்ப்பது. சிலிகோ மணலில் இருக்கும் சிலிகா. வால்கேனோ எரிமலை. கோனி மட்டும் அகராதியில் தேடினேன், தூசு. ஓசிஸ் நோய் நிலை. கண்ணுக்கே தெரியாத எரிமலைத் தூசு நுரையீரலில் படிந்து வரும் நோய்.

சிலபிள்: நியூவை ந்யூ என்று எழுதினால் ந்யூ, மோ, னோ, அல், ட்ரா, மை, க்ரோ, ஸ்கோ, பிக், சி, லி, கோ, வால், கே, னோ, கோ, னி, ஓ, சிஸ். பத்தொன்பது. டியூஷன் சார் விதிப்படி கடைசியில் ஓ ஏறும். எரிமலை இங்கே இல்லை, தூசுக்கு மட்டும் எண்ணூர் பக்கம் பஞ்சமில்லை.

மிண்ட் டிடிபி

முழு மதிப்பெண். அந்தச் சொல்லை எந்த மருத்துவரும் கட்டவில்லை. அமெரிக்காவின் தேசிய புதிர்க்காரர் சங்கத் தலைவர் எவரெட் ஸ்மித் 1935-இல் நீளத்துக்காகவே கட்டியது. வரி மடக்குவதற்கு நல்ல சொல், எங்கே வெட்டினாலும் ஏதாவது ஓர் உறுப்பு முழுதாகக் கிடைக்கும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

பகுதி விகுதி பிரித்து விடை எழுதிய பிள்ளைக்கு என் வாழ்த்துகள். பின்பெஞ்சுக்கும் இந்த இழையைக் காட்டவும்.

கடலோரக் குயில்

நன்றி ஐயா. கடைசியாக ஒன்று. நாளை செய்முறை வகுப்பு. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பெயரைச் சொல்லச் சொல்வார்கள். ஸ்ஃபிக்மோமனாமீட்டர். எஸ்-ஸுக்குப் பின்னால் என்ன எழுத்து என்பதுகூடக் குழப்பம்.

வார்டு அக்கா

ஸ்ஃபிக்மோ நாடித் துடிப்பு, மானோ அழுத்தமானி என்ற பெயரில் வரும் துண்டு, மீட்டர் அளப்பது. ஃப் ஒலிக்குப் பி, எச் போடு. ஐ வராது, ஒய் வரும். சிலபிள் ஸ்ஃபிக், மோ, ம, னா, மி, டர், ஆறு. தெர்மாமீட்டரில் மா ஏறுவது போல இதில் னா ஏறும். நாலு தடவை சத்தமாகச் சொல்லிவிட்டுத் தூங்கு.

வார்டுக்கு வந்த பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்காதே, யாரும் எடுத்துத் தர மாட்டார்கள். பிபி ஆப்பரேட்டஸ் என்று கேள்.